கரணையும் நகலும்

அழகர்கோவிலுக்குக் கிழக்கேயுள்ள மேலூர் வட்டாரத்தில், கள்ளழகர் வைகைக்கு எழுந்தருளும் சித்திரையை ஒட்டிப் பொங்கல் கரும்பு நடப்படுகிறது. விதை தேடுவார் எவருமிலர். முந்தைய பயிரில் நறுக்கிய கரணைகளையே ஊன்றுகின்றனர். அதியமானின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பு கொணர்ந்தனர் என்னும் ஔவையாரின் புறநானூற்றுச் செய்தியை நாம் அறிவோம். கரணை ஏன் தாய்க்கரும்பையே திரும்பத் தருகிறது என்பதை அறிவியல் வெகு பிற்காலத்தில்தான் விளக்கியது.

கரணையின் கணுவில் ஒரு பரு உண்டு. அதிலுள்ள உயிரணு, பிரியுமுன் தன் குரோமோசோம்கள் ஒவ்வொன்றையும் இரட்டிக்கிறது. இரட்டித்தவை உயிரணுவின் நடுவே வரிசையாக நிற்கின்றன. நுண்ணிழைகள் அவற்றைப் பிரித்து இருமுனைகளுக்கும் இழுக்கின்றன. இவ்வாறு சேய் அணுக்கள் இரண்டும் தாயின் முழுத் தொகுதியையும் பெறுகின்றன. செருமானிய அறிஞர் வால்தர் பிளெமிங் சாலமாண்டரின் உயிரணுக்களில் இதனை ஆராய்ந்து, 1882இல் வெளியான தம் நூலில் மைட்டாசிஸ் என்று குறித்தார். நூலிழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

நகலெடுப்பதால் பழைய இனம் நிலைக்கும். புதிய இனம் பிறக்காது. அதற்குப் பூவும் மகரந்தமும் வேண்டும். கரும்பு பூத்து விதைகொள்ளும் கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பை நாணலின் காட்டினத்தோடு கலந்தனர். அக்கலப்பில் முளைக்கும் நாற்றுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அவற்றுள் தேர்ந்த ஒற்றை நாற்றே, 1918இல் வெளியான கோ 205. பிறகு கரணைகள் அதனைப் பெருக்கின. பஞ்சாபின் வயல்களில் வளர்ந்தவை யாவும் அந்த ஒரு நாற்றின் நகல்களே.

இந்த ஒருமையில் ஆபத்தும் உண்டு. ஒரு செடியை வெல்லக் கற்ற நோய், அதன் நகல்கள் அனைத்தையும் வெல்லும். 2009இல் வெளியான கோ 0238 சில ஆண்டுகளில் உத்தரப்பிரதேசக் கரும்பு வயல்களில் பெரும்பகுதியை நிறைத்தது. செவ்வழுகல் நோய் அதனைப் பற்றியபோது இழப்பும் அதே அளவுக்குப் பரவியது. நோயுற்ற கரணையை நட்டால், நோயும் உடன் நடப்படுகிறது.

ஆகவே ஆற்றோர நாணலை வெறும் களையென்று நாம் இகழலாகாது. நாளைய கரும்புக்கு வேண்டிய எதிர்ப்புத் திறன் அதனிடம் இருக்கக்கூடும். கோவை நிலையத்தின் கண்ணூர் மையத்தில் பல நாட்டுக் கரும்பினங்கள் பேணப்படுகின்றன. வேறுபாடுகளின் அக்கருவூலத்தையும் ஆண்டுதோறும் காப்பது கரணையே.