துருவினால் துருவைக் காத்தல்

கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1744இல் சென்னைக்கு வந்திறங்கிய ராபர்ட் கிளைவ், ஊரும் வேலையும் தனிமையும் பொறுக்காமல் இருமுறை தன் தலையில் கைத்துப்பாக்கியை வைத்து விசையை இழுத்ததாகவும், இருமுறையும் அது வெடிக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரை வழியாக அக்கதை உலகெங்கும் பரவியது. ஏதோ ஒரு பெரிய காரியத்துக்காகவே தான் விட்டுவைக்கப்பட்டிருப்பதாகக் கிளைவ் அப்போது சொன்னாராம். கதை மெய்யோ புனைவோ, சென்னையை அறிந்தவர்கள் அதில் ஊழைத் தேட வேண்டியதில்லை. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி, பொறி எழுந்து, சிறு கிண்ணியில் கிடக்கும் வெடிமருந்தைப் பற்ற வேண்டிய காலத்துத் துப்பாக்கி அது. எஃகின் முகத்தில் துரு படர்ந்திருந்தாலோ மருந்தில் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தாலோ போதும். பிளாசிப் போருக்குச் சென்னையின் உப்புக்காற்றே காரணம் என்று யாரேனும் ஒரு நூல் எழுதினால் நான் வாங்கிப் படிப்பேன்.

அந்தக் காற்றை அறியக் கோட்டைக்குள் போக வேண்டாம். சாந்தோமிலோ பெசன்ட் நகரிலோ கடலைப் பார்த்த வீடுகளின் சன்னல் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். வண்ணம் பூசிச் சில மழைக்காலங்களுக்குள் அதன் அடியில் கொப்புளம் எழும். விரலால் தட்டினால் செதிலாக உதிரும். அலைநுரையிலிருந்து கிளம்பும் நுண்ணிய உப்புத்துகள் இரும்பின் மேல் வந்து அமர்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த நீர்ப்படலம் போதும், அரிப்பு தொடங்கிவிடும். உலோகப் பூச்சுகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் 5 விழுக்காடு உப்புக்கரைசலை 35 பாகை வெப்பத்தில் மூடுபனிபோலத் தெளித்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று எண்ணுவார்கள். நம் கடற்கரைத் தெருக்கள் அந்தச் சோதனையை மெதுவாக, கட்டணமின்றி, ஆண்டு முழுவதும் நடத்திக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய காற்றில் ஒரு கைத்துப்பாக்கியின் மேற்பூச்சு எத்தனை காலம் நிற்கும்? இதற்கு விடை காண, அந்தப் பூச்சு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய துப்பாக்கிகளில் நாம் வியக்கும் கருநீலம் வண்ணமும் அல்ல, முலாமும் அல்ல. அது துரு. குழலை எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, அமிலக் கரைசல் தடவி, ஈரமான அறையில் தொங்கவிட்டு வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பார்கள். செந்துரு படர்ந்ததும் கொதிநீரில் இடுவார்கள். சிவப்பு கறுப்பாக மாறும். தளர்ந்து நிற்பதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடியும் துருவேற்றுவார்கள். இப்படிப் பலமுறை. கொதிநீரில் இடாமல் விட்டால் நிறம் பழுப்பாகவே நிற்கும். அது இதைவிடப் பழைய முறை. செந்துரு இரும்பைவிட்டுப் பொடியாக உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்குத் திறந்துவிடும். கருந்துருவோ உலோகத்தோடு இறுகப் பற்றி நிற்கும். ஆனால் அதன் தடிப்பு ஒன்றிரண்டு மைக்ரான்தான், தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதிலும் நுண்துளைகள் உண்டு. அத்துளைகளில் தங்கும் எண்ணெய்தான் உண்மையான காவலாளி. எண்ணெய் காய்ந்த கருநீலம் உப்புமூடுபனியில் ஒருநாள்கூடத் தாங்காது. இந்தப் பூச்சின் ஆயுள் பட்டறையில் முடிவாவதில்லை. அதை வைத்திருப்பவரின் பழக்கத்தில் முடிவாகிறது.

பழக்கம் என்றதும் ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் படைவீரனுக்குத் துப்பாக்கி பளபளக்க வேண்டும். வெள்ளி போல மின்னாவிட்டால் தண்டனை. செங்கல் தூளையும் எண்ணெயையும் வைத்து நாள்தோறும் தேய்த்துக் குழலின் சுவரையே மெலியச் செய்தார்கள். துரு தின்றதைவிடத் துருவுக்கு அஞ்சிய கை தின்றது அதிகம். குழலுக்குப் பழுப்பேற்றும் வழக்கம் பிரிட்டிஷ் காலாட்படையில் பொதுவானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நம் வீடுகளில் குத்துவிளக்கின் சிற்பவேலை மழுங்கும்வரை புளிபோட்டுத் தேய்ப்பதும் இதே மனப்பான்மைதான்.

அதன்பின் வந்த முறைகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1870களுக்குப் பின் நிக்கல் முலாம் பூசிய சுழல்துப்பாக்கிகள் பரவலாயின. பார்க்கக் கம்பீரம், ஆனால் முலாமில் ஊசிமுனைத் துளை ஒன்று விழுந்துவிட்டால், நிக்கல் தன்னைக் காத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பைப் பலிகொடுக்கும். துத்தநாகம் இதற்கு நேர்மாறு: தான் அரிந்து இரும்பைக் காக்கும். காஸ்லெட் என்ற ஆங்கிலேயர் 1906இல் காப்புரிமை பெற்ற பாஸ்பேட் முறை, அழகைக் கைவிட்டு எண்ணெயைக் குடித்துவைத்துக்கொள்ளும் சொரசொரப்பான சாம்பல் மேற்பரப்பைத் தந்தது. இரண்டாம் உலகப்போரின் ஆயுதங்கள் பலவற்றில் அதையே காண்கிறோம். 1980களில் கைத்துப்பாக்கிகளில் பரவிய நைட்ரைடு முறை பூச்சே அல்ல. எஃகின் தோலுக்குள் நைட்ரஜனைச் செலுத்தி அந்தத் தோலையே மாற்றிவிடுவது அது. இவற்றுள் கடற்கரைக்கு ஏற்றது எது என்று கேட்டால் கடைசியில் சொன்னதுதான்.

துப்பாக்கியை வைக்கும் தோலுறையும் காப்புத்தான் என்று நினைக்கிறோம். மரப்பட்டையில் பதனிட்ட தோல் அமிலத்தன்மை உடையது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்த துப்பாக்கியை உருவிப் பார்த்தால், உறை தொட்ட இடமெல்லாம் புள்ளி விழுந்திருக்கும். ஆனால் தமிழ்நாட்டுப் பதனிடுவோர் ஆவாரம் பட்டையிலிருந்து எடுத்த அதே துவர்ப்பொருள் இனம்தான், டானின், அருங்காட்சியகங்களில் துருவுக்கு மருந்தாகிறது. துருவின் மேல் டானிக் அமிலத்தைத் தடவினால் அது இரும்போடு கூடி நிலையான கருநீலப் படலமாகிவிடும். இந்த வேதியியல் நமக்குப் புதிதன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை செய்தவர்கள் நாம். ஏட்டில் எழுத்தாக நின்றதும் இரும்பில் காப்பாக நிற்பதும் ஒரே சேர்மம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதத் தொகுப்புக்கு இது நேரடியாகப் பொருந்தும். 1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றபின் அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. 1860களில் ஒரு பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது. மீதியில் பெரும்பகுதி உடைத்து உலோக விலைக்கு விற்கப்பட்டது. தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றி 2004இல் பெருநூல் வெளியிட்ட ராபர்ட் எல்குட் இத்தொகுப்பையே பெரிதும் சார்ந்திருந்தார். நம் கொல்லர்கள் எஃகை எப்படி மெருகிட்டார்கள், நிறமேற்றினார்கள் என்பதற்கு வேறு சான்று அதிகமில்லை. அந்தச் சான்று உலோகத்துக்குள் இல்லை. ஒன்றிரண்டு மைக்ரான் மேற்பரப்பில் இருக்கிறது. ஒருமுறை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் போயிற்று. நல்லவேளையாக 1930களிலேயே இங்கு எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் வேதிப்பாதுகாப்பு ஆய்வகத்தை வளர்த்தெடுத்தார். செப்புத் திருமேனிகளின் நோய்க்கு மின்பகுப்பு முறையால் மருத்துவம் செய்தவர் அவர். பளபளப்பாக்குவது வேறு, பாதுகாப்பது வேறு என்ற பாடம் இந்த ஊரில் அவ்வளவு பழையது.

தஞ்சையிலேயே தங்கிவிட்ட ஆயுதம் ஒன்றுண்டு. பீரங்கிமேட்டில் திறந்தவெளியில் கிடக்கும் இராஜகோபால பீரங்கி, இரகுநாத நாயக்கர் காலத்தது. வார்க்கப்பட்டதன்று, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டியது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு மழைவெயிலுக்குப் பின்னும் அது உருக்குலையவில்லை. டில்லி இரும்புத்தூணின் காப்புப் படலத்தில் பாஸ்பரசின் பங்கை விளக்கிய கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் தம் குழுவினருடன் இப்பீரங்கியையும் ஆராய்ந்து 2004இல் எழுதினார். ஆனால் தஞ்சை கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. அதே பீரங்கி சாந்தோமில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மேற்பரப்பு அழிந்தால் எல்லாம் அழிந்ததா என்றால், அதுவும் இல்லை. மயிலாப்பூரில் கடற்கரைச் சாலையிலுள்ள தடய அறிவியல் துறை, 1849இல் சென்னையில் தொடங்கிய வேதிப் பரிசோதகர் அலுவலகத்தின் வழிவந்தது. துப்பாக்கியின் எண்ணை அரத்தால் அராவி அழித்திருந்தாலும், அச்சு விழுந்தபோது அழுந்திய உலோகம் அடியில் வேறாகவே இருக்கும்; அமிலம் இட்டால் எண் நிழல்போல மேலெழும். தடய அறிவியலில் இது உலகெங்கும் கையாளப்படும் முறை. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கிலும், குண்டுகள் பல்லாண்டு மேசை இழுப்பறையில் உருண்டு கிடந்து வலுவிழந்தவை என்ற விளக்கம் தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது. இங்கும் கிளைவின் கதைதான் நினைவுக்கு வருகிறது. இம்முறை கெட்டது துப்பாக்கி அன்று, தோட்டா.

பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் ஒன்றை வாங்குமுன் பிடியின் பலகைகளைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெயிலும் துணியும் எட்டாத அந்த இடத்தில்தான் பட்டறையைவிட்டு வந்த நாளின் நிறம் மிஞ்சியிருக்கும். கைவியர்வை உள்ளே வழிந்து தேங்கியிருந்தால் முதல் குழியும் அங்கேதான் விழுந்திருக்கும். நம் ஊரில் பிடியைக் கழற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆயுத பூசையன்று குழலுக்கு ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் துடைக்க மறந்து பெட்டியில் வைத்துவிடுபவர்கள் அதிகம். அடுத்த ஆண்டு பூசைக்கு எடுக்கும்போது பொட்டு உதிர்ந்திருக்கும்; அது இருந்த இடத்தில் வட்டமாக, செந்நிறத்தில் இன்னொரு பொட்டு இருக்கும்.