தமிழ் உள்ளீட்டுப் படிவங்களும் உலாவி ஒவ்வாமையும்

இணையப் படிவத்தில் தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓர் உலாவியில் ஓடி, இன்னொன்றில் முடங்குவது ஒரு சிக்கல். இதற்குத் தமிழ்99 விசைப்பலகை நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி, அது தரப்படுத்தப்பட்டது. அதில் 'ப' விசையை இருமுறை தட்டினால் 'ப்ப' வரும். 'மயிலாப்பூர்' என்று முகவரிக் கட்டத்தில் எழுதும்போது, கர்சர் நிற்கும் இடமறிந்து நிரலே புள்ளியைச் செருக வேண்டும்.

கர்சர் இடத்தை அறியும் முறையில்தான் உலாவிகள் வேறுபட்டன. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கர்சர் இடத்தை 'டாக்குமென்ட்.செலக்‌ஷன்' வழியாகச் சொன்னது. பயர்பாக்ஸ் 'செலக்‌ஷன்ஸ்டார்ட்' என்ற பண்பைத் தந்தது. 2011இல் வந்த எக்ஸ்புளோரர் 9 பின்னதையும் ஏற்றது. அதுவரை ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள். உலாவியின் பெயரை நம்பிக் கிளை பிரிப்பதைவிட, தேவையான வசதி இருக்கிறதா என்று சோதிப்பதே உறுதியான தீர்வு.

ஆண்ட்ராய்டு குரோமில் தொல்லை வேறு: பெரும்பாலும் எந்த விசையைத் தட்டினாலும் 'கீடவுன்' நிகழ்வில் 229 என்ற எண்ணே கிடைக்கும். அங்கே விசை நிகழ்வை நம்பாமல், 'இன்புட்' நிகழ்வைக் கவனிக்க வேண்டும்.

கட்டத்தின் நீள வரம்பும் கவனத்துக்குரியது. 'மயிலாப்பூர்' கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடுகள். பத்து என்று வரம்பு வைத்தால் கடைசிப் புள்ளி ஏறாது.