ஒரு வரி எச்சரிக்கையின் வரலாறு

ஈய எழுத்துகளைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவன் நான். அச்சுக்கோப்பாளரின் மை படிந்த விரல்களையும் ஒப்புநோக்குநரின் சிவப்புப் பேனையையும் பார்த்துப் பழகியவனுக்கு யுனிக்ஸ் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தகுதி எதுவுமில்லை. தீர்க்கப்படாத ஒரு கடன் மட்டும் இருக்கிறது.

2001ஆம் ஆண்டின் ஓர் இரவு. நான் பணியாற்றிய பத்திரிகையின் இணையத்தளம் அதுவரை ஒவ்வொன்றாகக் கையால் எழுதப்பட்ட பக்கங்களால் ஆனது. செய்திகளைத் தரவுத்தளத்தில் சேமித்து, வாசகர் கேட்கும்போது பக்கத்தை உருவாக்கிக் கொடுக்கும் முறைக்கு மாறுவதென்று முடிவாயிற்று. அதற்காக, யுனிக்ஸ் கணினியில் இயங்கிய அப்பாச்சி வழங்கியுடன் பி.எச்.பி. என்ற மொடியூலை இணைக்க வேண்டியிருந்தது. பொறுப்பு இளைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூலநிரலை இறக்கி, தொகுத்து, நிறுவினார். தொகுப்பு ஒரு பிழையுமின்றி முடிந்தது. ஆனால் பக்கம் ஒரு தடவை வந்தது. மறு தடவை வெறுமையாய் நின்றது. வழங்கியின் பிழைப் பதிவேட்டில் ‘செக்மென்டேசன் போல்ட்’ என்ற சொற்களும் 11 என்ற எண்ணும் வரிவரியாக நிறைந்தன.

இரவு இரண்டு மணியளவில் நான் பொறுமையிழந்தேன். “இலவசமாய்க் கிடைக்கிற ஒன்றை நிறுவ ஓர் இரவு போதாதோ, தம்பி? தெரியாவிட்டால் தெரியாதென்று முதலே சொல்லியிருக்கலாமே” என்றேன், நாலு பேர் முன்னிலையில். “பிழை எங்கேயோ இருக்குது, ஐயா. பார்க்கிறன்” என்பது மட்டுமே அவருடைய பதில்.

பிழை எங்கே இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அது அந்த இளைஞரின் மேசையில் தொடங்கிய பிழையன்று. அதற்கு ஒரு வரலாறு இருந்தது.

அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. என்ற கணினி நிலையத்தில் ரொப் மக்கூல் என்ற இளைஞர் 1993இல் ஒரு வலை வழங்கியை எழுதினார். வாசகரின் கோரிக்கைக்கேற்பப் பக்கத்தை உருவாக்க, சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடும் அந்த ஆண்டிலேயே வந்தது. கோரிக்கை ஒன்று வந்ததும் வழங்கி தனியான ஒரு நிரலை இயக்கும். அந்த நிரல் விடையைத் தந்துவிட்டு மடியும். பெரும்பாலும் அது லரி வோல் 1987இல் வெளியிட்ட பேர்ள் மொழியில் எழுதப்பட்டிருக்கும். பத்திரிகைக்காரனின் பார்வையில் இது, ஒரு பிரதி அச்சிட்டதும் எழுத்துகளையெல்லாம் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த பிரதிக்கு அதே பக்கத்தை மீண்டும் கோப்பதைப் போன்றது. பத்து வாசகர்களுக்குச் சரிவரும். பத்தாயிரம் பேருக்குச் சரிவராது.

மக்கூல் 1994இல் அந்நிலையத்தை விட்டு விலகியதும் அவருடைய வழங்கி கவனிப்பாரற்றுப் போயிற்று. அதைப் பயன்படுத்திய தளப் பொறுப்பாளர்கள் தத்தம் திருத்தங்களை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டனர். பிரையன் பெலென்டோர்ப், ரோய் பீல்டிங் உள்ளிட்ட எட்டுப் பேர் 1995 பெப்ரவரியில் அப்பாச்சிக் குழுவாக இணைந்தனர். அவர்களுள் ஒருவரான ரொபேர்ட் தாவ் என்பவரே வழங்கியின் அமைப்பை மாற்றியவர். நடுவில் சிறிய ஒரு கரு. மற்ற வேலைகளுக்கெல்லாம் தனித்தனி மொடியூல்கள். இரண்டுக்கும் இடையே எழுதி வைக்கப்பட்ட ஓர் உடன்பாடு. இந்த அமைப்புடன் அப்பாச்சி 1.0, 1995 டிசெம்பரில் வெளிவந்தது. 1996இல் உலகில் அதிகம் பயன்படுத்தப்படும் வலை வழங்கியாயிற்று.

அந்த உடன்பாடு யாரும் வந்து சேரக்கூடிய திறந்த கதவாக இருந்தது. நோர்வேயைச் சேர்ந்த கிஸ்லே ஓஸ் 1996இல் பேர்ள் மொழியை அப்பாச்சிக்குள்ளேயே பதித்தார். டக் மக்கீச்சர்ன் அதை ‘மொட் பேர்ள்’ என்ற பெயருடன் வளர்த்தெடுத்தார். கிறீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லெர்டோர்ப், தமது சுயவிவரப் பக்கத்தைப் பார்ப்போரைக் கணக்கெடுக்க எழுதிய சிறு கருவிகளை 1995 யூனில் வெளியிட்டார். அவையே பி.எச்.பி. ஆயின. பின்னர் இஸ்ரேலைச் சேர்ந்த அன்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி என்ற இருவர் அதனை மீள எழுதினர். கோத்த பக்கத்தைக் கலைக்காமல் இயந்திரத்திலேயே வைத்திருக்கும் வசதி வந்துவிட்டது.

1998 யூனில் வந்த அப்பாச்சி 1.3, இன்னொரு வசதியையும் பரவலாக்கியது. அதுவரை மொடியூல் ஒன்றைச் சேர்ப்பதற்கு வழங்கி முழுவதையும் மீண்டும் தொகுப்பதே வழக்கம். இனி மொடியூலை மட்டும் தனியே தொகுத்து, வழங்கி தொடங்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு உதவும் கருவியின் பெயர் ஏ.பி.எக்ஸ்.எஸ். எந்த அமைப்பில் வழங்கி கட்டப்பட்டதோ அந்த விவரங்களைத் தன்னுள் வைத்திருந்து, மொடியூலையும் அவ்வாறே தொகுப்பது அதன் பணி.

இங்கேதான் சிக்கலும் நுழைந்தது. வழங்கியையும் மொடியூலையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் தொகுக்கலாம் என்றாயிற்று. இரு பகுதிகளும் பரிமாறிக்கொள்ளும் தகவல், கட்டங்கள் இட்ட படிவம் போன்றது. ஐந்தாவது கட்டத்தில் என்ன இருக்கும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம் இருக்க வேண்டும். ஒருவருடைய படிவத்தில் ஒரு கட்டம் கூடிவிட்டால், மற்றவர் முகவரியைப் பெயரென்று வாசிப்பார். மனிதரென்றால் சிரித்துவிட்டுத் திருத்துவார். கணினி இல்லாத இடத்தில் நினைவகத்தைத் தேடும். யுனிக்ஸ் அதனை அங்கேயே நிறுத்திவிடும்.

அந்தக் கூடுதல் கட்டம் எங்கிருந்து வந்தது? இரகசியக் குறியாக்க மென்பொருளை அமெரிக்கா 1996 வரை போர்க்கருவிகளின் பட்டியலிலேயே வைத்திருந்தது. அதன் பின்னரும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் நீடித்தன. 2000 சனவரியிலேயே அவை பெருமளவு தளர்த்தப்பட்டன. ஆகவே பாதுகாப்பான இணைப்புக்குரிய நிரலை அப்பாச்சிக் குழு தன் வெளியீட்டில் சேர்க்கவில்லை. அந்த வேலை ஐரோப்பாவில் நடந்தது. ஜெர்மனியரான ரல்ப் எங்கெல்சால் 1998இல் ‘மொட் எஸ்.எஸ்.எல்.’ மொடியூலை வெளியிட்டார். அதைப் பொருத்துவதற்கு அப்பாச்சியின் உடன்பாடு போதவில்லை. எனவே மூலநிரலில் ஓர் ஒட்டுப் போட்டு, படிவத்தில் சில கட்டங்களைக் கூட்டினார். விரிவாக்கப்பட்ட அந்த உடன்பாட்டுக்கு ஈ.ஏ.பி.ஐ. என்று பெயர். பழைய படிவத்தில் தொகுக்கப்பட்ட மொடியூல் ஏற்றப்பட்டால் எச்சரிக்கும் வரி ஒன்றையும் அவர் மறக்காமல் எழுதி வைத்தார்.

எங்கள் கணினியில் இரண்டு அப்பாச்சிகள் இருந்தன. ஒன்று, எவரோ முன்பு நிறுவிக் கைவிட்டது. மற்றையது, பாதுகாப்பு இணைப்புடன் இயங்கிக்கொண்டிருந்தது. இளைஞரின் கட்டளைக்குப் பதிலளித்த ஏ.பி.எக்ஸ்.எஸ். கருவி, கைவிடப்பட்ட அப்பாச்சிக்குரியது. மொடியூல் பழைய படிவத்துடன் பிறந்தது. வழங்கி தொடங்கியபோது அந்த எச்சரிக்கை திரையில் வந்திருக்கிறது: இந்த மொடியூல் சாதாரண உடன்பாட்டில் அமைந்தது, ஈ.ஏ.பி.ஐ.யின் கீழ் நொறுங்கக்கூடும், மீண்டும் தொகுக்கவும் என்று. வெறும் எச்சரிக்கைதானே, பிழையில்லையே என்று அவர் கடந்து போயிருக்கிறார்.

விடியற்காலை நான்கு மணிக்கு அந்த வரிக்குத் திரும்பினார். சரியான கருவியின் முழுப் பாதையைக் கொடுத்துத் தொகுத்தார். அப்போதும் சரிவரவில்லை. முன்னைய சோதனைகளின் விடைகளைச் சேமித்து வைக்கும் கோப்பொன்று பழைய விடைகளையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் முன்பு தொகுத்த துண்டுகளையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். ஐந்தரைக்குப் பக்கம் வந்தது. மீண்டும் மீண்டும் வந்தது. நான் “நல்லது” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அப்பாச்சி 2.0, 2002 ஏப்பிரலில் வெளிவந்தபோது பாதுகாப்பு மொடியூல் அதனுடனேயே சேர்ந்து வந்தது, ஈ.ஏ.பி.ஐ. பிரச்சினை மறையத் தொடங்கிற்று. 1.3 வரிசையின் கடைசி வெளியீடு 2010 பெப்ரவரியில் வந்தது. அதே ஆண்டில் பி.எச்.பி. 5.3.3, வழங்கிக்கு வெளியே தனித்து நின்று தொடர்ந்து இயங்கும் முறையைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. வழங்கிக்குள் புகுந்த மொழி மறுபடியும் வெளியே வந்தது, இம்முறை ஒவ்வொரு கோரிக்கைக்கும் மடியாமல். இன்று பெரும்பாலோர் எதையும் தொகுப்பதில்லை; பொருந்துமாறு யாரோ முன்கூட்டியே தொகுத்து வைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ‘யாரோ’வின் விழித்திருந்த இரவுகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒப்புநோக்கும் அறையில் நான் கற்ற முதற்பாடம், கடைசிப் பிழையைத் திருத்துவதற்குமுன் முதற்பிழையைக் கண்டுபிடி என்பது. அன்றிரவு அதை மறந்தவன் நான். முதற்பிழை அந்த இளைஞருடையதன்று. எங்கோ இயற்றப்பட்ட ஒரு சட்டம், எங்கோ போடப்பட்ட ஓர் ஒட்டு, எவரோ அகற்றாமல் விட்ட ஒரு வழங்கி ஆகிய மூன்றும் அவருடைய மேசையில் வந்து சந்தித்தன. இலவசம் என்று நான் எள்ளிய அந்த மென்பொருளோ, நொறுங்கப் போகிறேன் என்பதையும் அதற்கான பரிகாரத்தையும் ஒரே வரியில் சொல்லி வைத்திருந்தது.

சில ஆண்டுகளில் அவர் வெளிநாடு சென்றுவிட்டார். நாலு பேர் முன்னிலையில் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னிலையில்தான் திரும்பப் பெறவேண்டும். தம்பி, அன்றைய பிழை உங்களுடையதல்ல. மன்னித்துக்கொள்ளுங்கள்.