நீர்த்தாவர மீன்தொட்டியில் கிளர்வுற்ற கரி

கிளர்வுற்ற கரி என்பது உயர்வெப்பத்தில் நீராவி செலுத்தி, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளை உடலெங்கும் உண்டாக்கிய கரியாகும். மீன்தொட்டிக் கடைகளில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று கேட்டால் கிடைப்பது இதுவே. நன்னீர் மீன்களோடு நீர்த்தாவரங்களையும் வளர்க்கும் தொட்டிகளில், நீரில் கரைந்துள்ள நிறம், வாடை, மருந்தின் எச்சம் ஆகியவற்றை நீக்க இது வடிகட்டிக்குள் வைக்கப்படுகிறது. தாவரங்களுக்கு ஊட்டமாகத் தொட்டிக்குள் செலுத்தப்படும் கரியமில வாயுவையும் வளர்ப்போர் ‘கார்பன்’ என்றே சொல்வதால் புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதுண்டு. வாயு தாவரத்துக்கு உணவாகிறது, கரியோ தாவரத்துக்கு எதையும் தருவதில்லை, நீரிலிருந்து எடுக்க மட்டுமே செய்கிறது.

இக்கரிக்குரிய மூலப்பொருள்களில் தேங்காய் ஓடு சிறந்தது. தூத்துக்குடி, நெல்லை, குமரி வட்டாரங்களில் சிரட்டை எனப்படும் இவ்வோடு கொங்கு நாட்டில் தொட்டி எனப்படுகிறது; காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிப் பகுதிகளின் ‘தொட்டிக்கரி’தான் ஆலைகளில் கிளர்வூட்டப்பட்டு, 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடி வழியாகக் கண்டெய்னர்களில் வெளிநாடு செல்கிறது. சிரட்டையைக் காற்றுக் குறைவாகப் படும்படி சுட்டுக் கரியாக்கி, அதை 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோடு வினைபுரியச் செய்யும்போது துளைகள் பிறக்கின்றன. இவ்வாறு உருவாகும் ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது உள்ளங்கையில் ஒரு சிட்டிகையாக நிற்கும் கரிக்குள் 25 சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது. குழிகளில் சிரட்டை சுடும்போது எழும் புகையும், கரியை அணைக்க ஊற்றும் நீரும் கிணறுகளைக் கெடுப்பதாகக் கொங்குப் பகுதி உழவர்கள் முறையிட்டு வருவதை இங்குக் குறிப்பிடாமல் விட முடியாது. ஒரு தொட்டியின் நீரைத் தெளிவாக்கும் பொருள் மற்றோர் ஊரின் நீரைக் கலக்கக் கூடாது.

கரி செயல்படும் முறை பரப்புக் கவர்தல் எனப்படும். பஞ்சு நீரை உள்ளிழுப்பது உறிஞ்சுதல். கரைந்துள்ள மூலக்கூறுகள் துளைச்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது பரப்புக் கவர்தல். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிய வைப்பது வேறொரு வழியில், மிதக்கும் மண்துகள்களை ஒன்றுசேர்த்துப் படியச் செய்வதால் ஆகும். கரியோ, தெளிந்து தோன்றும் நீரிலும் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களைப் பிடிக்கிறது. மூழ்கிய மரக்கட்டையும் நாட்டுவாதுமை இலையும் நீருக்கு ஏற்றும் தேநீர் நிறம், மெத்திலின் நீலம் போன்ற மருந்துகள் ஆகியவை இவ்வகையில் நீங்குகின்றன. குழாய்நீரிலுள்ள குளோரினைக் கரி ஒட்டவைப்பதில்லை, அதனோடு வினைபுரிந்து குளோரைடாக மாற்றிவிடுகிறது. அம்மோனியா, நைட்ரேட், கடினத்தன்மை, கரைந்த உப்பு ஆகியவை கரிக்கு ஏறத்தாழ அகப்படுவதே இல்லை.

கடைசியாகச் சொன்னது தூத்துக்குடிக் கடற்கரைக்கு மிகவும் பொருந்தும். கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால், கரி வடிகட்டி வாங்கி வைத்தால் நீர் நன்னீராகிவிடும் என்று நம்புவோர் உள்ளனர். எத்தனை கிலோ கரி வைத்தாலும் உப்பின் அளவு குறையாது. உப்பு தாங்காத நீர்த்தாவரங்களுக்கு மழைநீரோ, ஆர்.ஓ. நீரோ, தாமிரபரணியிலிருந்து வரும் குழாய்நீரோதான் ஏற்றது. அந்தக் குழாய்நீரின் குளோரினையும் ஒருநாள் வாளியில் திறந்து வைத்தாலே பெரும்பாலும் போக்கிவிடலாம்.

தாவரத் தொட்டியில் கரியை எப்போதும் வைத்திருப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணம் உரம் பற்றியது. பொட்டாசியம், நைட்ரேட் போன்ற பேரூட்டங்களைக் கரி பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் இரும்பு நீரில் வீழ்படியாமலிருக்க அதைக் கரிமச் சேர்மம் ஒன்றோடு கொடுக்குப்பிணைப்பாக இணைத்தே திரவ உரங்களில் தருகின்றனர். அந்தக் கரிமச் சேர்மத்தோடு இரும்பின் ஒரு பகுதியும் கரியில் சிக்கிக்கொள்ளக்கூடும். நரம்பு பச்சையாக நிற்க, இளந்தளிர் மட்டும் வெளிறினால் இரும்புக் குறைவை ஐயுற வேண்டும். மண்ணிலிருந்து வேர்வழியே உண்ணும் கிரிப்டோகொரைன் போன்றவற்றைவிட, நீரிலிருந்தே ஊட்டம் பெறும் வேலம்பாசி போன்றவை இதற்கு முதலில் ஆளாகும். ஆகவே மருந்திட்ட சிகிச்சை முடிந்த பின்போ, நீர் மஞ்சளித்த போதோ சில நாள்கள் வைத்து எடுத்துவிடுவதே சரியான முறை. நலமாக வளரும் தாவரங்களும் வாரந்தோறும் நீர் மாற்றும் பழக்கமும் உள்ள தொட்டிக்கு நிரந்தரக் கரி வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும்போது கரி உள்ளே இருந்தால் மருந்து மீனைச் சேராது என்பதால், அப்போது அதை அகற்றியே தீர வேண்டும்.

புதுக்கரியை வாளி நீரில் போட்டதும் துளைகளிலிருந்து காற்று வெளியேறிக் குமிழிகள் சரம்சரமாக எழும். மேலே மைபோன்ற கருந்தூள் மிதக்கும். நீர் தெளியும் வரை நான்கைந்து முறை அலச வேண்டும். சிரட்டைக்கரியின் சாம்பல்சத்து தொடக்கத்தில் நீரின் காரத்தன்மையைச் சற்றே உயர்த்துவதால், கழுவுதலை அவசரமாக முடிக்கலாகாது. வலைப்பையில் கட்டி, வடிகட்டியில் ஸ்பாஞ்சுக்கு அடுத்து வைத்தால் கசடு துளைகளை அடைக்காது. தொட்டிக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்க்கும்போது மஞ்சள் சாயல் திரும்பத் தெரிந்தால் கரி நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம்; பொதுவாக இது சில வாரங்களில் நேரும்.

தாமிரபரணிக்கே உரியதாக மீனியலாளர் ஈ.ஜி. சைலஸ் 1950களில் விவரித்த கெண்டையினத்தைப் போன்ற ஆற்றுமீன்களை வளர்ப்போர், இலைச்சாறு கலந்த நிறநீரை விரும்பினால், கரியை அறவே தவிர்ப்பது நல்லது.

நிறைந்த கரியை வீட்டு அடுப்பில் வறுத்துப் புதுப்பிக்க இயலாது. அதற்கு ஆலை உலையின் வெப்பமும் நீராவியும் வேண்டும். மருந்தைப் பிடித்த கரி குப்பைக்கே உரியது. மற்றதைப் பூந்தொட்டி மண்ணோடு கலந்துவிடலாம்.