ஞாயிறு சந்தையில் பழைய டூல்ஸ்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

புது வாடகை வீட்டுக்குக் குடிபோன முதல் வாரம். கர்ட்டன் கம்பி மாட்ட வேண்டும், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அலமாரிக் கதவின் கீல் ஆடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆப்பில் ஆள் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. சரி, நாமே செய்துவிடலாம் என்று ஆன்லைனில் டூல்ஸ் தேடினால், மலிவான செட்டுக்குக் கீழே 'ஒரே வாரத்தில் ஸ்பேனர் வளைந்துவிட்டது' என்று ரிவ்யூ. நல்ல செட்டின் விலையைப் பார்த்தால் மூடி வைத்துவிடத் தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் பழைய பொருள் சந்தை கைகொடுக்கும். ஊரில் நாம் 'காயலான் கடை' என்று சொல்வோமே, அதன் பெரிய வடிவம் இந்தியாவின் எல்லாப் பெருநகரங்களிலும் இருக்கிறது. அங்கே இருபது, முப்பது வருடம் உழைத்த சுத்தியலும் வைஸும் இன்னும் அத்தனை வருடம் உழைக்கத் தயாராகக் கிடக்கும். அதே குவியலில் கண்ணைப் பறிக்கக்கூடிய கிரைண்டரும் கிடக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

எந்த ஊரில், எங்கே?

பெங்களூரு: சிக்பேட்டை, பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பகுதியில் ஞாயிறு காலையில் கூடும் 'சண்டே பஜார்'. பக்கத்திலேயே இருக்கும் எஸ்.ஜே.பி. சாலை புதிய டூல்ஸ், ஹார்டுவேர் கடைகளுக்குப் பெயர் பெற்றது. வார நாளில் ஒருமுறை அங்கே போய் புது விலையைக் கேட்டு வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை ஏமாற மாட்டீர்கள்.

மும்பை: பேண்டி பஜாரை ஒட்டிய சோர் பஜார். அங்குள்ள மட்டன் ஸ்ட்ரீட் கடைகளில் மற்ற நாட்களில் பழங்காலப் பொருட்கள் அதிகம். வெள்ளிக்கிழமை அந்தக் கடைகளுக்கு விடுமுறை. அன்று தெருவில் விரிக்கும் வியாபாரிகளிடம்தான் சாதாரணப் பழைய பொருட்கள் கிடைக்கும்.

ஹைதராபாத்: எர்ரகட்டா ஞாயிறு சந்தை.

டெல்லி: ஜாமா மசூதியை ஒட்டி ஞாயிறு காலையில் கூடும் சந்தை.

சென்னையில் பழைய பொருளுக்கு அடையாளமாக இருந்த மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் அழிந்தது. இன்றைய புதுப்பேட்டை பெரும்பாலும் வண்டி உதிரிபாகங்களுக்கான இடம். வீட்டு வேலைக்கான டூல்ஸுக்கு அந்தந்தப் பகுதி காயலான் கடைகளே நல்ல தொடக்கம்.

எந்தச் சந்தையானாலும் காலையில் சீக்கிரம் போவது நல்லது. நல்ல சரக்கை மெக்கானிக்குகளும் தச்சர்களும் முதலில் அள்ளிவிடுவார்கள். தெருச் சந்தைகள் அவ்வப்போது இடம் மாறும், சில வாரம் கூடாமலும் போகும் என்பதால் போகும் முன் உள்ளூர் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எது பழையதானாலும் பரவாயில்லை?

எளிய கணக்கு ஒன்று உண்டு. அசையும் பாகங்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நம்பி வாங்கலாம். மின்சாரம் சேர்ந்துவிட்டால் யோசித்து வாங்க வேண்டும்.

சுத்தியல், ஸ்பேனர், உளி, இழைப்புளி, பெஞ்ச் வைஸ், மூலைமட்டம் எல்லாம் வெறும் இரும்பும் எஃகும்தான். பல வருடம் சும்மா கிடந்தாலும் மேலே துரு ஏறுமே தவிர, உள்ளே பெரிதாக எதுவும் கெடுவதில்லை. உதாரணத்துக்கு, தச்சர்களின் இரும்பு இழைப்புளியை எடுத்துக்கொள்வோம். லியோனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை 1869-ல் வாங்கிய ஸ்டான்லி நிறுவனம் பரவலாக்கிய வடிவம் அது. இன்று கடையில் இருக்கும் இழைப்புளியும் அடிப்படையில் அதே வடிவம்தான். ஐம்பது வருடப் பழைய இழைப்புளி என்பதால் தொழில்நுட்பத்தில் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

பிராண்ட் பெயரைத் தேடுவதும் உதவும். தப்பாரியா போன்ற இந்தியத் தயாரிப்புகள் இந்தக் குவியல்களில் சர்வசாதாரணம். புதிதாகவும் கிடைப்பதால் விலையை ஒப்பிடுவது எளிது. 'மேட் இன் இங்கிலாந்து', 'ஷெஃபீல்டு' என்று பொறித்திருந்தால் வியாபாரி கூடுதலாகக் கேட்பார். முத்திரையைப் போலியாகவும் குத்தலாம் என்பதால் எழுத்துக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். பொருளைச் சோதித்துவிட்டுக் கொடுங்கள்.

சந்தையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

கையோடு ஒரு சிறிய டார்ச், பென்சில், வெள்ளைத்தாள், பழைய துணி, நீளம் அளக்க டேப் எடுத்துப் போங்கள். துரு இருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்பொடியாக வந்தால் மேல்துரு, அதை எடுத்துவிடலாம். குழி குழியாக அரித்திருந்தால், அதுவும் உளியின் வெட்டும் முனையில் அரித்திருந்தால், விட்டுவிடுங்கள்.

சுத்தியல்: தலைப்பகுதி காளான் போல விரிந்து ஓரம் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட தலையிலிருந்து அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் படலாம். உளியின் பின்பக்கத்துக்கும் இதே விதி. கைப்பிடி ஆடுவது பெரிய விஷயமல்ல, புதுக் கைப்பிடி போட்டுக்கொள்ளலாம்.

ஸ்பேனர்: வாய் அகன்றிருந்தால் போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும். நெருப்பில் காட்டி வளைத்த ஸ்பேனரும் வேண்டாம். சூடேறி நீலம் பாரித்த எஃகு பெரும்பாலும் பதம் இழந்திருக்கும்.

பெஞ்ச் வைஸ்: முழுக்கத் திறந்து மூடுங்கள். திருகின் மரை தேய்ந்திருந்தால் கைப்பிடியைச் சுற்றும்போது பாதிச் சுற்று சும்மா ஓடும். ஒரு தாளை வைத்து இறுக்கி இழுத்துப் பாருங்கள், இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். கடைசியாக, உடலில் விரிசலோ வெல்டு வைத்த தழும்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டை நம்பி பலம் கொடுக்க முடியாது. புது பெயின்ட் பளபளத்தால் இன்னும் கவனம் தேவை, அதற்கு அடியில்தான் தழும்பு ஒளிந்திருக்கும்.

இழைப்புளி: அடிப்பக்கத்தில், பிளேடு வெளிவரும் வாய்ப் பகுதியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். பிளேடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

ரசமட்டம்: ஏதாவது ஒரு பரப்பில் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழி உங்கள் பார்வைக்கு அதே பக்கத்தில், அதே இடத்தில் நின்றால் மட்டம் சரி. பரப்பு சரிவாக இருந்தாலும் இந்தச் சோதனை வேலை செய்யும்.

மூலைமட்டம்: நேரான ஓரமுள்ள பலகை அல்லது அட்டையில் வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 90 டிகிரி உறுதி. விலகினால் விட்டுவிடுங்கள்.

அரம்: பல் தேய்ந்த அரம் வெறும் இரும்புக் கம்பிதான். விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் என்றால் புதிதே வாங்குங்கள்.

அங்குலமா, மில்லிமீட்டரா?

பழைய ஸ்பேனர் வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய இயந்திரங்களோடு வந்த அங்குல அளவு ஸ்பேனர்கள் இன்னும் குவியலில் கிடக்கின்றன. ஸ்பேனரில் 'ஏஎஃப்' என்று இருந்தால் அந்த எண் வாயின் அகலம். 'டபிள்யூ' என்று இருந்தால் அது விட்வொர்த் முறை, எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். அதனால் அரை அங்குல 'டபிள்யூ' ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்தைவிட நன்றாகவே அகலமாக இருக்கும். உங்கள் பைக்குக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் தேவைப்படுவது பெரும்பாலும் 8, 10, 12, 13, 14, 17 என்ற மில்லிமீட்டர் எண்கள்தான்.

பவர் டூல்ஸ் வாங்கலாமா?

ட்ரில் மெஷினை, ஓடவிட்டுக் காட்டினால் மட்டும் வாங்கலாம். பிளக் பாயின்ட் இல்லை என்று சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஓடும்போது கருகல் வாசனை வரக்கூடாது, காற்றுத் துளை வழியே நெருப்புப் பொறி நிறையத் தெரியக்கூடாது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் குறைந்த செலவில் மாற்றலாம். மோட்டாரின் காயில் கருகியிருந்தால் பணம் வீண். பிட்டைப் பிடிக்கும் சக் ஆடினால் துளை நேராக விழாது. ஒயர் இரண்டு முனை பிளக்கில் முடிந்தால், உடலில் 'சதுரத்துக்குள் சதுரம்' குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ள மெஷின் என்பதற்கான குறி அது. குறி இல்லாமல் எர்த் முனையும் இல்லையென்றால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.

ஆங்கிள் கிரைண்டரை முதல்முறை வாங்குபவர்கள் பழையதாக வாங்காமல் இருப்பதே நல்லது. 4 இன்ச் கிரைண்டரின் வட்டு நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றுகிறது. பழைய சரக்கில் வட்டை மூடும் காப்புத் தகடு பெரும்பாலும் கழற்றப்பட்டிருக்கும். வட்டு உடைந்தால் துண்டுகள் முகத்துக்கு நேராக வரும். பழைய வட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெட்டும் வட்டுகளின் நடுவளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிடப்பட்டிருக்கும், பலருக்கும் அது தெரியாது. ஈரம் பட்டதோ கீழே விழுந்ததோ வெளியே தெரியவும் தெரியாது.

பேட்டரி டூல்ஸில் விலையே பேட்டரிதான். அது சோர்ந்திருந்தால் புது பேட்டரி வாங்கும் காசில் புது மெஷினே கிடைத்துவிடலாம். அந்த மாடலுக்கு இப்போதும் பேட்டரி விற்கிறார்களா என்று மொபைலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

விலை பேசுவது எப்படி?

புது விலை தெரியாமல் பேரம் பேசாதீர்கள். கைக்கருவி என்றால் புது விலையில் பாதிக்குக் கீழே வந்தால் யோசிக்கலாம். அதற்கு மேல் கேட்டால், பில்லும் வாரன்டியும் உள்ள புதியதே மேல். "பாய், இதோட திருகு ஆடுது, பாருங்க" என்று குறையை நேரில் காட்டிப் பேசினால் விலை இறங்கும். நாலைந்து பொருளைச் சேர்த்து "எல்லாம் சேர்த்து எவ்ளோ?" என்று கேட்பதும் பலன் தரும். ஆனால், நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருப்பவரிடம் பத்து ரூபாய்க்காக அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டாம். நியாயமாகப் பேசுபவருக்கு அடுத்த வாரம் நல்ல சரக்கை எடுத்து வைப்பார்கள்.

திருட்டுப் பொருளாக இருந்தால்?

இதை யாரும் கேட்க விரும்புவதில்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதை வாங்குவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 'எனக்குத் தெரியாது' என்ற பதில் எல்லா நேரத்திலும் காப்பாற்றாது.

சீரியல் நம்பர் தகடு சுரண்டப்பட்டிருப்பது, பொறித்த பெயரை அரத்தால் தேய்த்திருப்பது, புத்தம் புது பவர் டூல் பில் இல்லாமல் கால்வாசி விலைக்கு வருவது ஆகியவை எச்சரிக்கை மணிகள். பெரிய பொருள் என்றால் தேதி, பொருள், விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். யுபிஐ-யில் பணம் அனுப்பினால் அதுவும் ஒரு பதிவு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ தன் ட்ரில் மெஷினைப் பறிகொடுத்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அந்த மெஷின் நமக்கு மலிவாகக் கிடைப்பது அவருடைய கூலியிலிருந்துதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

மேல்துருவுக்கு கடையில் கிடைக்கும் சமையல் வினிகர் போதும். மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, இரும்புப் பாகத்தை ஓரிரவு ஊறவையுங்கள். காலையில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசுங்கள். ஈரம் போக உடனே துடைத்து, மெஷின் ஆயில் பூசிவிடுங்கள். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் மறுபடியும் துரு படரும். முலாம் பூசிய பளபள ஸ்பேனரை இப்படி ஊறவைக்க வேண்டாம், முலாம் உரியலாம். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

பழைய பெயின்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய கருவியின் பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசு பறக்கக்கூடாது. பெயின்ட் நன்றாக ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

முதல்முறை போகிறீர்களா?

ஒரு சுத்தியல், 8 முதல் 17 வரை சில ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ரசமட்டம். இவ்வளவு போதும். கட்டிங் பிளேயரின் பிளாஸ்டிக் உறையில் வெடிப்பு இருந்தால் மின்சார வேலைக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஸ்க்ரூடிரைவரும் டெஸ்டரும் புதிதாக வாங்குங்கள், அவற்றில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கூடவே ஒரு புதுப் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிவிடுங்கள். பழைய டூல்ஸில் மிச்சப்படுத்தும் காசில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.