காஞ்சியை விட்டுப் போன வரதர்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊர் பார்த்த படையெடுப்புகள் கொஞ்சமல்ல.

8-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஆனாலும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்தான். அங்குள்ள கன்னடக் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

எல்லோரும் அப்படி இல்லை. 1481-இல் பாமினி சுல்தான் மூன்றாம் முகமது ஷாவின் படை காஞ்சிக் கோயில்களைக் கொள்ளையடித்தது.

இரண்டு நூற்றாண்டு கழித்தும் அந்த பயம் போகவில்லை. 1688-இல் அவுரங்கசீப்பின் படை வருகிறது என்று அஞ்சி, வரதராஜப் பெருமாள் உற்சவரை ரகசியமாக உடையார்பாளையம் கொண்டு சென்றார்கள். ஆபத்து நீங்கிய பிறகு கேட்டால், அந்தப் பாளையக்காரர் திருப்பித் தர மறுத்துவிட்டார்! கடைசியில் கர்நாடக நவாப் சாதத்துல்லா கானின் தளபதி ராஜா தோடர்மால் தலையிட்டார். 1710-இல் பெருமாள் ஊர் திரும்பினார். தோடர்மாலுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் கோயிலில் சிலைகள் இருக்கின்றன.

அடைக்கலம் தந்தவர் தர மறுத்தார். பயந்து ஓடிய அதே முகலாயர் பக்கத்துத் தளபதி மீட்டுத் தந்தார். எதிரி யார், காத்தவர் யார் என்பதை ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

காஞ்சியிலிருந்து வெளியேறிய பங்காரு காமாட்சி மட்டும் திரும்பவே இல்லை. இன்றும் தஞ்சாவூரில்தான் இருக்கிறாள்.