நெஞ்சங்கள் காத்த இசை

உஸ்மானியப் பேரரசின் தலைநகராய் விளங்கிய இஸ்தான்பூல் நகரை நினைக்கும் தோறும், நம் மனக்கண் முன் எழுவன அதன் பள்ளிவாசல்களும் வானளாவிய மினாராக்களுமே. கட்டடக் கலைஞர் ஸினான் 1557ஆம் ஆண்டில் எழுப்பி முடித்த ஸுலைமானிய்யாப் பள்ளிவாசல் இன்றும் அவர் புகழைப் பேசுகிறது. கல்லில் செய்த கலைக்குக் கல்லே காவல். ஆனால், காற்றில் பிறந்து காற்றிலேயே கரைந்துவிடும் இசைக்குக் காவல் எது? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது, துருக்கிய இசையுலகம் தன் தலைமகனாகப் போற்றும் இஸ்மாயீல் தெதெ எஃபெந்தியின் வரலாறு.

ஹிஜ்ரி 1191, துல்ஹஜ்ஜு மாதம் பத்தாம் நாள். அதாவது 1778 ஜனவரி 9. ஹஜ்ஜுப் பெருநாளன்று பிறந்த அக்குழந்தைக்குத் தியாகத்தின் நினைவாக இஸ்மாயீல் என்றே பெயரிட்டனர். தந்தையார் ஸுலைமான் ஆகா, ஹம்மாம் எனப்படும் பொதுக் குளியற்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். அதனால் மகனுக்கு 'ஹம்மாமீஸாதே', அதாவது ஹம்மாம்காரரின் மகன் என்னும் அடைமொழி வாய்த்தது. பள்ளிப் பருவத்திலேயே சிறுவனின் குரல் வளத்தைக் கண்டு கொண்ட ஓர் ஆசிரியர் இசையின் முதற் பாடங்களைக் கற்பித்தார். பின்னர் அரசின் கணக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பகலில் கணக்கேடு; ஓய்ந்த நேரத்தில் யெனிகாப்பி தைக்கா. வாலிபரின் வாழ்வு இவ்வாறு நடந்தது.

அந்தத் தைக்கா, மௌலானா ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்த மௌலவிய்யா தரீக்காவைச் சேர்ந்தது. இசை குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். அவ்விவாதம் இங்கு நம் பொருளன்று. மௌலவிய்யாக்கள் இசையை இறைநினைவின் துணையாகக் கொண்டார்கள்; அவர்களுடைய தைக்காக்கள் இசைக்கல்லூரிகளாகவும் திகழ்ந்தன என்பது வரலாறு. யெனிகாப்பியின் ஷைகு அலீ நுத்கீ தெதெயிடம் இஸ்மாயீல் தம்மை ஒப்படைத்தார். ஷைகின் தம்பி அப்துல் பாக்கி நாஸிர் தெதெயிடம் நாணற் குழல் பயின்றார். 1798ஆம் ஆண்டில் தரீக்காவின் 'சில்லா'வில் நுழைந்தார். 1001 நாள் தைக்காவிலேயே தங்கி, அடுக்களைப் பணி முதல் அனைத்தும் செய்து, அகந்தையைக் கரைக்கும் பயிற்சி அது. அதை நிறைவு செய்தவருக்கே 'தெதெ' என்னும் பட்டம் உண்டு.

சில்லாவில் இருந்த காலத்திலேயே அவர் பூஸலிக் மகாமில் ஒரு பாடல் இயற்றினார். (மகாம் என்பது நம் நாட்டு இராகத்தை ஒத்தது, சுரங்களின் வரிசையோடு அவை நடந்து செல்லும் வழியையும் வரையறுப்பது. தாளத்தை அவர்கள் உஸூல் என்பர்.) அப்பாடல் வாய்வழியே பரவி அரண்மனையை எட்டியது. அரியணையில் இருந்தவர் மூன்றாம் ஸலீம். அவரே சிறந்த இசைப்புலவர். ஸூஸிதிலாரா என்னும் மகாமை வகுத்தவர். இதைப் பாடியவர் யார் என்று வினவி, தைக்காவின் மாணவரைத் தம் அவைக்கு வரவழைத்தார். அன்று திறந்த அரண்மனைக் கதவு அதன்பின் நெடுங்காலம் தெதெக்கு அடைக்கப்படவில்லை.

ஆயினும் வாழ்வு அவருக்கு மலர்ப்படுக்கை விரிக்கவில்லை. 1804ஆம் ஆண்டில் ஆசான் அலீ நுத்கீ தெதெ மறைந்தார். அடுத்த ஆண்டு மூன்றே வயதான மகன் ஸாலிஹை இழந்தார். அந்தத் தந்தையின் துயரம் பயாத்தி மகாமில் ஓர் இரங்கற் பாடலாய் வடிந்தது. இன்றும் துருக்கியர் அதைப் பாடக் கேட்கலாம். 1807ஆம் ஆண்டில் ஸுல்தான் ஸலீம் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, மறு ஆண்டு கொல்லப்பட்டார். பின்வந்த இரண்டாம் மஹ்மூது தெதெயைத் தம் அவைத் தோழராகவும் அரண்மனையின் தலைமை முஅத்தினாகவும் உயர்த்தினார். அரசவையில் காதற் பாடல் இயற்றிய அதே நாவே தொழுகைக்கும் அழைத்தது.

அவருடைய படைப்புகளின் சிகரம், மௌலவிய்யாக்களின் ஸமா நிகழ்வுக்கென அவர் அமைத்த ஏழு 'ஆயீன்'கள். ஆயீன் என்பது நான்கு 'ஸலாம்'களாகப் பகுக்கப்பட்ட நெடிய இசைக்கோவை. வெண்ணிற அங்கி விரியத் தர்வேஷ்கள் சுழன்றுவர, பெரும்பாலும் மௌலானாவின் பாரசீகப் பாக்களே அதில் பாடப்படும். நிதானமாய்த் தொடங்கி, தாளம் மாறி மாறி விரைந்து, இறுதியில் அமைதியில் அடங்கும் அமைப்பு அது. 1839ஆம் ஆண்டில் ஸுல்தான் மஹ்மூதின் விருப்பத்திற்கிணங்க தெதெ இயற்றிய ஃபரஹ்ஃபஸா ஆயீன் பெரும்புகழ் பெற்றது. நோயுற்றிருந்த மன்னர் அதைக் கேட்க நேரில் வந்தார் என்பர். அவ்வாண்டு ஜூலை முதல் நாளே அவர் உலகைப் பிரிந்தார்.

இனி நம் வினாவுக்கு வருவோம். இவ்வளவு இசையும் எங்கே எழுதி வைக்கப்பட்டது? பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதும் முறை இல்லாமலில்லை. தெதெயின் ஆசிரியரான அப்துல் பாக்கி நாஸிர் தெதெயே அரபு எழுத்துகளைக் கொண்டு ஒரு சுரக்குறிப்பு முறையை வகுத்து, ஸலீமின் படைப்பை அதில் எழுதியும் காட்டினார். ஆர்மீனியத் திருச்சபையின் இசைவல்லார் ஹம்பார்ஸும் லிமொன்ஜியான் (1768-1839) வகுத்த முறை அதினும் எளிதாயிருந்ததால் நாளடைவில் பரவியது. உஸ்மானியப் பாடல்கள் பல அவர் வகுத்த குறிப்பினால் உயிர் தப்பின. ஆயினும், இசையாசிரியர்கள் பெரிதும் நம்பியது 'மஷ்க்' என்னும் வாய்மொழிப் பயிற்சியையே. ஆசான் எதிரே மாணவர் மண்டியிட்டு அமர்வார். இரு கைகளாலும் தொடையில் தட்டித் தாளத்தைக் காத்துக்கொண்டு, ஆசான் பாடும் ஒவ்வோர் அடியையும் மீண்டும் மீண்டும் பாடுவார். மனத்தில் பதியும்வரை அடுத்த அடி இல்லை. ஷைகிடமிருந்து முரீதுக்கு ஸில்ஸிலா தொடர்வது போல, பாடலும் ஒரு நெஞ்சிலிருந்து மறு நெஞ்சிற்கு அமானத்தாகக் கைமாறியது.

இம்முறைக்குக் காலம் ஒரு சோதனை வைத்தது. 1826ஆம் ஆண்டில் யெனிச்சேரிப் படை கலைக்கப்பட்டபோது, அதனோடு இணைந்திருந்த மெஹ்தர் என்னும் பழைய படை இசையும் அகற்றப்பட்டது. 1828ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து ஜுஸெப்பே தோனிஸெத்தி வந்து, அரண்மனையில் ஐரோப்பிய முறை வாத்தியக் குழுவைப் பயிற்றுவித்தார். தெதெ புதுமையைக் கண்டு முகம் சுளித்தவரல்லர். வால்ட்ஸ் நடனத்தின் மூன்றடி நடையை ராஸ்த் மகாமில் குழைத்து அவர் இயற்றிய ஒரு காதற் பாடல் இன்றும் துருக்கியில் பலரும் அறிந்தது. எனினும், அடுத்து வந்த ஸுல்தான் அப்துல் மஜீதின் அவையில் மேனாட்டிசையே ஓங்கி, பழைய கலைக்கு ஆதரவு மெலிந்தது. அரண்மனை இசையில் இனிச் சுவையில்லை என்று அவர் மாணவரிடம் மனம் நொந்து கூறியதாகச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு.

1846ஆம் ஆண்டில், ஏறத்தாழ எழுபதை எட்டிய முதுமையில், தம் மாணவர்களான தெல்லால்ஸாதே இஸ்மாயீலும் முதாஃப்ஸாதே அஹ்மதும் உடன்வர ஹஜ்ஜுப் பயணம் புறப்பட்டார். யூனுஸ் எம்ரேயின் பாடலொன்றுக்கு ஷஹ்னாஸ் மகாமில் அவர் அமைத்த இசையே அவருடைய இறுதிப் படைப்பு என்பர். மினாவில் காலரா நோய் அவரைப் பற்றியது. ஹிஜ்ரி 1262, துல்ஹஜ்ஜு பத்தாம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளன்றே வஃபாத்தானார். எந்தப் பெருநாளில் உலகிற்கு வந்தாரோ, அதே பெருநாளில் உலகைத் துறந்தார். மக்கா நகரின் மண்ணே அவருக்கு அடக்கத்தலமாயிற்று.

அவர் சென்றார், இசை எஞ்சியது மாணவர் நெஞ்சங்களில். அவர்களுள் இளையவர் ஹாபிழ் முஹம்மது ஸகாயீ (1825-1897). பிற்காலத்தில் ஸகாயீ தெதெ எனப் புகழ்பெற்ற அவர், தாம் மனனம் செய்து வைத்திருந்த பழம்பாடல்களை வாழ்நாள் முழுதும் பிறர்க்குக் கற்பித்தார். அநாதைச் சிறுவர்க்கென நிறுவப்பட்ட தாருஷ்ஷஃபகா பள்ளியிலும் இசை பயிற்றினார். அவரிடம் கற்றவர்களே அவர் மகன் அஹ்மத் இர்ஸோயும் இசையறிஞர் ரவூஃப் யெக்தாவும்.

குடியரசு பிறந்தபின் 1925ஆம் ஆண்டில் தைக்காக்கள் மூடப்பட்டன. 1934ஆம் ஆண்டு முதல் 1936 வரை வானொலியிலும் மரபிசைக்குத் தடை இருந்தது. அரண்மனை கைவிட்டது, தைக்காவும் இல்லையாயிற்று. அந்த நெருக்கடியான காலத்தில், இஸ்தான்பூல் இசைப்பள்ளியில் அமைந்த தொகுப்புக் குழுவில் இருந்து, நெஞ்சிலிருந்தவற்றைத் தாளில் இறக்கியவர்கள் இந்த ரவூஃப் யெக்தாவும் அஹ்மத் இர்ஸோயும் அவர்களுடைய தோழர்களுமே. 1930களில் மௌலவி ஆயீன்கள் சுரக்குறிப்புடன் அச்சேறின. தெதெக்கும் அச்சுக்கும் இடையே இருந்தது ஓரிரு தலைமுறை மனித நினைவு மட்டுமே என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

ஏனெனில், காத்த நினைவே இழந்தும் விட்டது. தெதெ இயற்றியவை ஐந்நூற்றுக்கும் மேல் என மதிப்பிடுவர். நமக்குக் கிடைத்திருப்பவை இருநூற்றுச் சொச்சமே. ஏழு ஆயீன்களுள்ளும் இஸ்பஹான் மகாமில் அமைந்தது முழுமையாய்க் கிட்டவில்லை. கற்றவர் எவருக்கும் கற்பிக்காமல் கண்மூடிய போதெல்லாம், அவரோடு சில பாடல்களும் அடக்கமாயின.

ஸுல்தான்கள் தெதெக்குப் பதவியும் பரிசும் அளித்தார்கள். அவருடைய கலைக்கு ஆயுள் அளித்தவர்களோ, அவர் எதிரே மண்டியிட்டுத் தொடையில் தாளம் தட்டிய மாணவர்கள். கொற்றவன் ஆதரவு ஒரு தலைமுறைக்கு உதவலாம். கற்றுக்கொடுக்கும் மனமே பல தலைமுறைக்கு உதவும். நம் இல்லங்களிலும் முதியோர் மட்டுமே அறிந்த பைத்துகளும் முனாஜாத்துகளும் தாலாட்டுகளும் இன்னும் சில உள்ளன. அவற்றை எழுதிவைப்பது நன்று. ஒரு பேரப்பிள்ளையை அருகே அமர்த்திப் பாடக் கற்பிப்பது அதினும் நன்று.